மாப்பிள்ளை சௌக்கியம்

ஜூன் 4

அண்ணா,

இதை உனக்கு யார் வாசித்துக் காட்டுகிறார்களோ, அவருக்கு என் வணக்கம். கோபமாக இருக்கும் இடங்களையும் விடாமல் வாசிக்கச் சொல்.

ஆறு வருஷமாக நான் எழுதவில்லை. நீயும் யாரையும் பிடித்து எழுத வைக்கவில்லை. உன் மகன் பெரியவனைக் குவாரிக்கு அனுப்பாதே என்று அன்று சொன்னேன். "கல் உடைச்ச கைதான் உன்னைப் படிக்க வெச்சது" என்று நீ சொன்னாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

பிப்ரவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு. தகடு வைத்தார்கள், அது சரியாகப் பொருந்தவில்லை. இப்போது ஒரு காப்பகத்தில் படுத்திருக்கிறேன். ஜன்னல் இருக்கிறது, அதற்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அம்மாள். தூக்கத்தில்கூட "உள்ள போ, உள்ள போ" என்கிறாள்.

எனக்கு உன்னிடம் ஒன்று வேண்டும். குவாரி மலையின் அடிவாரத்தில் தண்ணீர் ஊறும் புல்வெளி, அதில் இருக்கும் கோரை. மலைக்கு அந்தப் பக்கம் இன்னோர் ஊற்றில் கொஞ்சம் இருந்ததே, அது போன வருஷத்தோடு காய்ந்துவிட்டது. கல்லூரியில் என்னிடம் தாவரவியல் படித்த பழைய மாணவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இனி உலகத்தில் அது இருப்பது நம் புல்வெளியில் மட்டும்தான். அந்தப் பாம்புத்தோல் கல் கரைந்த மண்ணில் வேறு எந்தச் செடியும் பட்டினி கிடக்கும். இது மட்டும் அதில் குடித்தனம் நடத்தும். நல்ல மண்ணில் வைத்தால் சாகும். நான் தொட்டியில் வைத்துச் சாகடித்துப் பார்த்திருக்கிறேன்.

மாணவி இப்போது விதைக் காப்பகத்தில் இருக்கிறாள். விதை கொடுத்தால் உறைகுளிரில் பத்திரமாக வைப்பாள். கொஞ்சம் முளைக்கவும் வைப்பாள். நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். கதிர் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் விரலால் உருவு. ஒவ்வொரு விதையும் ஒரு சின்னப் பைக்குள் இருக்கும், பையோடு வேண்டும். காகித உறையில் போடு. பிளாஸ்டிக் வேண்டாம். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார், மூன்று விளிம்பும் தட்டுப்பட்டால் அதுதான்.

முதலில் ஒரு வரி எழுது. இருக்கிறதா?

தங்கை


ஜூன் 19

தங்கச்சிக்கு,

எழுதுவது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. "நீங்க சொல்றது எல்லாத்தையும் எழுதிருவேன் பெரியவரே, இருமலைத் தவிர" என்கிறாள். இருமினால் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறாள்.

பிப்ரவரியில் விழுந்தவள் ஜூனில் சொல்கிறாய். நடுவில் நீ போயிருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்தக் கண்டக்டரம்மாவா? சண்டை போட்டவன் அண்ணன் இல்லாமல் போய்விடுவானா? சின்ன வயதிலும் இப்படித்தான். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து பாவாடையை இழுத்து மூடிக்கொள்வாய். புண் சீழ் வைத்த பிறகு அம்மாதான் கண்டுபிடிப்பாள்.

சரி. நீ கேட்டதற்கு வருகிறேன். மாப்பிள்ளை சௌக்கியம்.

தையல்காரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "எந்த மாப்பிள்ளை? அவங்கதான் கல்யாணமே பண்ணிக்கலையே" என்கிறாள். அவளுக்கும் சொன்னேன். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, நீ பின்வாசல் வழியாகச் சேறு மிதிக்கப் போவாய். முழங்கால் வரைக்கும் கறுப்பாக வந்து நிற்பாய். அந்த நாற்றத்தில் வந்தவர்கள் எழுந்து போவார்கள். அம்மா உன்னை வாசலிலேயே நிறுத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாள். அழுகிய முட்டையும் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்த நாற்றம். வாரக்கணக்கில் செருப்பை விட்டுப் போகாது. அப்பாதான் ஒரு நாள் சொன்னார், "விடுங்கடா, இவளுக்கு அந்தக் கோரைதான் மாப்பிள்ளை." அன்றிலிருந்து எனக்கு அவர் மாப்பிள்ளை.

போய்ப் பார்த்தேன். படகைக் கவிழ்த்தது மாதிரி ஒரு பாறை உண்டே, அதன் மூக்குக்குக் கீழே தண்ணீர் கசிகிறது. அதற்கு இடது பக்கம் பெரிய தூர். வளைந்த இரும்புக் கம்பத்தின் காலடியில் இரண்டு தூர், ஒன்று கம்பத்தின் மேல் சாய்ந்திருக்கிறது, குடித்துவிட்டு வந்தவனைப் போல. நடுவில் சேறு பளபளவென்று கிடக்கிறது, அதன் மேல் எண்ணெய் மாதிரி ஒரு நிறம். கதிர் இன்னும் பச்சைதான். சிவப்புத் தும்பி ஒன்று குடைக் காம்பில் வந்து உட்கார்ந்தது. விரட்டினாலும் போகவில்லை. மேலே கல்லில் வெயில் விழுந்தபோது பச்சையும் கறுப்புமாக மலை முழுக்க ஒரு பாம்பு வெயில் காய்வது போல இருந்தது.

பழுக்க நாளாகும். நீ உடம்பைப் பார். பெரியவன் நன்றாக இருக்கிறான்.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்துவிட்டேன். பிறகு கண்டக்டரம்மாவுக்கு உரக்க வாசித்தேன். "உங்க அண்ணன் எதுவரைக்கும் படிச்சார்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும், என்னைக் கொண்டுபோய் விட, என்றேன்.

படுத்துக்கொண்டு அந்தச் சேற்றை நினைக்கிறேன். இங்கே டெட்டால் நாற்றம். தரையில், சோற்றில், தலையணையில். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த முட்டை நாற்றம் மூக்கில் ஏறினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன் என்று தோன்றுகிறது. சிரிக்காதே.

பெரியவனைப் பற்றி அரை வரிதான் எழுதியிருக்கிறாய். அவனை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பாறை மேல் உட்கார வைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். கோரைத் தண்டைப் பிடுங்கி வாயில் வைப்பான். "துப்புடா, அது உன் மாமாடா" என்பேன். இப்போது என்ன வேலை செய்கிறான்? அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்.

ஒரு விஷயம். மாணவி தானே நேரில் வந்து விதை எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். அடுத்த மாதம் அந்தப் பக்கம் வர வேண்டிய வேலை இருக்கிறதாம். உன் வீட்டுக்கு வந்தால் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போ. நல்ல பெண். நிறையக் கேள்வி கேட்பாள்.

தங்கை


ஜூலை 15

தங்கச்சிக்கு,

அந்தப் பெண்ணை அனுப்பாதே. பாதை அறுந்து கிடக்கிறது. மழையில் சரிந்து, இடுப்பளவுக்குப் பள்ளம். நாய் வேறு, கூட்டமாக. போன வாரம் தபால்காரரின் கால்சட்டையைக் கிழித்துவிட்டது, தையல்காரம்மாதான் ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். பட்டணத்துப் பெண்ணுக்கு எதற்கு இந்த வம்பு? நானே எடுத்து அனுப்புகிறேன்.

ஆனால் விதை இன்னும் பால் பிடிக்கவில்லை. இந்த வருஷம் எல்லாம் தாமதம். ஆடு வேறு புகுந்து ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டது. வேலி போட்டிருக்கிறேன்.

இங்கே குவாரித் தூசி அதிகம். தையல்காரம்மா மெஷினுக்கு எப்போதும் ஈரத்துணி போர்த்தி வைத்திருக்கிறாள், தூக்கினால் துணி பச்சையாக இருக்கிறது. எனக்கு மூச்சு பழையபடிதான். படியேறினால் நின்று போக வேண்டும். அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் இல்லை.

நீ சொன்ன பிறகு நினைவு வந்தது. பெரியவன் வாயில் வைத்தது தண்டு இல்லை, வேர். வாய் முழுக்கக் கறுப்பு. நீ மஞ்சள் சட்டை போட்டிருந்தாய். அவன் உன் தோளில் வாயைத் துடைத்தான். அந்தக் கறை கடைசி வரை போகவே இல்லை. அந்தச் சட்டையை என்ன செய்தாய்?

அவன் வண்டி ஓட்டுகிறான்.

அண்ணன்

(பெரியவர் சொல்வதை எழுதுவது மட்டும்தான் என் வேலை. சொல்வதற்கு நான் பொறுப்பில்லை. – தையல்காரி)


ஜூலை 29

அண்ணா,

மறுபடி அறுத்தார்கள். தகட்டைச் சுற்றிப் புண் வைத்திருக்கிறதாம். டாக்டர் என்னிடம் பேசும்போது என்னைப் பார்க்காமல் நர்ஸைப் பார்த்துப் பேசுகிறார். இனி நடக்க முடியுமா என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஜூலை கடைசியில் அந்தக் கோரைக்கு விதை பால் பிடிக்காமல் இருக்காது. இருபது வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகஸ்ட் பிறந்ததும் பை வெடித்து விதை சேற்றில் விழுந்துவிடும், பிறகு ஊசி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. ஆடு அதைத் தின்னாது. எந்த ஆடும் தின்று நான் பார்த்ததில்லை, அதன் விளிம்பு நாக்கை அறுக்கும்.

சோம்பலா? இல்லை இன்னும் அந்தப் பழைய கோபமா? என்னவாக இருந்தாலும் இருக்கட்டும். எனக்குச் சாக்கு வேண்டாம், விதை வேண்டும். அடுத்த வருஷம் என்று ஒன்று எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் பிள்ளை பெறவில்லை, வீடு கட்டவில்லை. அந்தக் கோரை ஒன்றுதான் நான் இருந்தேன் என்பதற்கு மிச்சம். அது எனக்குப் பின்னாலும் இருக்க வேண்டும்.

தங்கை


ஆகஸ்ட் 8

தங்கச்சிக்கு,

இதோடு விதை வைத்திருக்கிறேன். காகித உறையில்தான்.

கோபப்படாதே. உடம்பைப் பார்.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அண்ணா,

உறையைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம் வந்தது.

சேற்றில் நிற்கும் செடி எதுவும் பாச்சை உருண்டை வாசம் அடிக்காது. அம்மாவின் டிரங்குப் பெட்டிதான் அடிக்கும். அந்தப் பெட்டிக்குள், செய்தித்தாள் மடிப்பில், நான் கல்லூரியில் படிக்கும்போது முதன்முதலாக அழுத்திக் காயவைத்துப் பாடம் செய்த கோரை இருந்தது. பூச்சி அரிக்கக்கூடாது என்று பெட்டியில் உருண்டையைப் போட்டவள் நான்தான். நீ அதிலிருந்து உருவி எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கண்டக்டரம்மா என்ன என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் முடியவில்லை.

பிறகு உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். சிவப்புத் தும்பி குடைக் காம்பில் வந்து உட்கார்ந்தது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ஏது குடை? வாழ்நாளில் நீ குடை பிடித்து நான் பார்த்ததில்லை. அது என் குடை. நான் கடைசியாக வந்தபோது, நாம் சண்டை போடுவதற்குக் கொஞ்சம் முன்னால், பாறை மேல் வைத்திருந்தேன். தும்பி வந்தது, நான் விரட்டினேன், போகவில்லை. நீ பார்த்துக்கொண்டு நின்றாய். இந்த வருஷத்துப் புல்வெளி என்று நீ எனக்குச் சொன்னது அந்த நாளைத்தான். சாய்ந்த தூர், கம்பம், சேற்றின் மேல் எண்ணெய் நிறம், எல்லாம் அந்த நாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. உனக்கு எதுவும் மறக்காது என்பதை நான்தான் மறந்துவிட்டேன்.

புல்வெளி இல்லை, அப்படித்தானே?

எப்போது போனது? பிப்ரவரி வரைக்கும் நான் நடந்துகொண்டிருந்தேன், அண்ணா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ் ஏறி வந்திருப்பேன். கையால் தோண்டியாவது எதையாவது எடுத்திருப்பேன். செத்துப்போனவரைச் சௌக்கியம், சௌக்கியம் என்று எழுதிக்கொண்டிருந்தாய். நான் விதவையானதைக்கூட என்னிடம் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று எழுது. மாப்பிள்ளை, மச்சான் எல்லாம் வேண்டாம். நடந்ததை எழுது.


செப்டம்பர் 3

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்பவாவது நெசத்தைச் சொல்லுவீங்களா, இல்ல நான் போய் மெஷின்ல உக்காரட்டுமா?" என்றாள். உட்கார் என்றேன்.

போன நவம்பர். குவாரியில் கல் வெட்டப் புதிதாக ஒரு முகப்பு திறந்தார்கள். கழிவுக் கல்லைக் கொட்ட மேலே இடம் இல்லை. பெரியவன் அங்கேதான் வேலை செய்கிறான், கல் அள்ளித் தள்ளும் பெரிய வண்டியை ஓட்டுகிறான். அன்று காலையில் வேலைக்குக் கிளம்பியவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அப்பா, கீழ கொட்டச் சொல்லிட்டாங்க."

"கீழன்னா?"

"தண்ணி ஊறுற எடத்துல."

"டேய், அங்க அத்தையோட..."

"தெரியும்."

"தெரிஞ்சுமாடா?"

"நான் மாட்டேன்னா இன்னொருத்தன் ஏறி உக்காருவான். வண்டிக்கு என்னப்பா, யார் உக்காந்தாலும் ஓடும்."

 அவனுக்கு என்ன சொல்வது? நானும் அந்த மலையைத் தின்று வளர்ந்தவன். உன் பாடப் புத்தகமும் அந்த மலையிலிருந்துதான் வந்தது. இதைக் குத்தலுக்குச் சொல்லவில்லை. நீ நடந்ததைக் கேட்டாய், இதுவும் நடந்ததுதான்.

பின்னாலேயே போனேன். நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் லாரிகள் வந்துவிட்டன. முதல் லோடைக் கொட்டியபோது சேறு ஒரு பெருமூச்சு விட்டது. நிஜமாகவே அப்படித்தான் கேட்டது. பெரியவன் வண்டியின் முன்வாயால் கல்லைத் தள்ளிக்கொண்டு வந்தான். கோரை நசுங்கும் என்று நினைத்தேன். நசுங்கவில்லை, ஒருக்களித்துப் படுத்தது, தூங்கப் போகிறவர்களைப் போல. அடுத்த லோடில் ஒன்றும் தெரியவில்லை. கம்பம் மட்டும் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டிருந்தது. பெரியவன் என்னைப் பார்த்தான். வண்டியை நிறுத்தவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். அம்மா உன்னை நிறுத்தி வைப்பாளே, அதே இடத்தில். யாரும் நிற்கச் சொல்லவில்லை, அவனாகவே நின்றான். அந்த முட்டை நாற்றம் அவன் மேல் அடித்தது. "அத்தைக்கு எழுதாதப்பா" என்றான். நான் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

எழுதாமல் இருந்தது அவன் சொன்னதற்காக மட்டும் இல்லை. இரண்டு தடவை தையல்காரம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு "சொல்லுங்க" என்பாள். பெரியவன் என்று ஆரம்பிப்பேன். அதற்கு மேல் வாய் வராது. நீ இடுப்பில் சுமந்த பிள்ளை. சட்டைப் பொத்தான் தைக்க வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அவள் நல்ல பொத்தானைப் பிய்த்து மறுபடி தைத்துக் கொடுப்பாள்.

அப்புறம் ஜூனில் உன் கடிதம் வந்தது. நீ படுத்திருக்கிறாய். இருக்கிறதா என்று கேட்கிறாய். இருக்கிறது என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, தங்கச்சி. கண்ணை மூடினால் இருக்கிறது. ஒரு தூர் பாக்கியில்லாமல் இருக்கிறது. நான் பொய் சொல்கிறேன் என்று சொல்லும்போது தோன்றவே இல்லை. விதை கேட்ட பிறகுதான் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு விதை எடுக்க முடியாதே.

பெட்டியைத் திறந்தேன், அந்தத் தாள் இருந்தது. விதை விதைதானே, முளைத்தாலும் முளைக்கும் என்று நினைத்துத்தான் உருவினேன். அதையும் கெடுத்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது.

திட்டி எழுது. வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 16

அண்ணா,

திட்டத் தெம்பு இல்லை.

நீ அனுப்பிய விதையை மாணவியிடம் கொடுத்தேன். பாதியை ஊற வைத்தாள். மீதியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து அறுத்துப் பார்த்தாள். பை இருக்கிறது, உள்ளே கூடு இருக்கிறது, கூட்டுக்குள் ஒன்றும் இல்லை. பொடி. ஊற வைத்ததில் பூஞ்சைதான் வந்தது. அவள் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு அழுதாள். நான் அவளைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

உயிரோடு விதை இருந்தால் அது ஓரிடத்தில்தான் இருக்கும். பெட்டிக்குள் செத்துப்போகும் விதை சேற்றுக்குள் உறங்கும். ஒவ்வொரு வருஷமும் உதிர்ந்தது அந்தக் கறுப்புச் சேற்றில் அடுக்கடுக்காகக் கிடக்கும், வெளிச்சம் படும்வரைக்கும். ஆனால் அதன் மேல் இப்போது ஒரு மலை இருக்கிறது. நாளாக ஆக அந்தக் கனத்தில் சேறு காய்ந்து கல்லாகும்.

உன்னைத் தோண்டச் சொல்லவில்லை. உன் நெஞ்சு எந்த நிலையில் இருக்கிறது என்று நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். பெரியவனிடமும் சொல்லாதே. ஜூலையில் அவன் மேல் கோபம் இல்லை என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. அவன் கையால் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

இனி எழுத வேண்டாம். கடிதம் வந்தால் நர்ஸ் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டியிருக்கிறது.


அக்டோபர் 2

தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கூடவே ஒரு தகர டப்பா வருகிறது. அதை முதலில் திற. பிறகு இதை வாசி, வாசிக்காமல் போ.

உன் கடிதத்தைத் தையல்காரம்மா வாசித்தபோது பெரியவன் வாசலில் நின்றிருக்கிறான். தோளில் கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுக்க வந்தவன். எங்களுக்குத் தெரியாது. அவள் வாசித்து முடித்துத் தலையைத் தூக்கினால் சட்டை மட்டும் படியில் கிடக்கிறது, ஆள் இல்லை.

 பிறகு ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். தெருவே அதிர்ந்தது.

"ஏறுப்பா."

"எங்கடா?"

"எந்த எடம்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாம் ஒரே கல். எதை வைத்து அடையாளம் சொல்வது? சுற்றி வந்தபோது ஒரு ஓரத்தில் படகுப் பாறையின் மூக்கு, ஒரு கை அகலம், வெளியே தெரிந்தது. அதைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். அப்புறம் சுலபம். இடது பக்கம், பெரிய தூர். இங்கே, என்றேன்.

அவன் அள்ளினான். ஓரம் என்பதால் மேடு அங்கே உயரம் குறைவு. ஆனாலும் அள்ள அள்ள மேலிருந்து கல் உருண்டு வந்தது. ஒன்று வண்டியின் கண்ணாடியை உடைத்தது. அவன் நெற்றியில் கீறல், தையல் போடும் அளவுக்கு இல்லை. அதற்குள் மேஸ்திரி ஓடி வந்தார்.

"என்னடா பண்ற?"

"தோண்டுறேன்."

"யார்றா சொன்னது?"

"எங்க அத்தை."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பாறையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் நிலையைப் பார்த்து, இவன் இங்கேயே விழுந்து தொலைக்கப் போகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். "சீக்கிரம் முடிச்சுட்டு எறங்கு. அப்புறம் ஆபீசுக்கு வா" என்றார்.

இனிச் சொல்வது நான் கண்ணைத் திறந்து பார்த்தது. கல்லுக்கு அடியில் கறுப்புச் சேறு இருந்தது. காயவில்லை. கையை விட்டால் முழங்கை வரைக்கும் போனது. நசுங்கிய தண்டு நிறைய, பழுப்பாக, தொட்டால் பிய்ந்தது. ஒரு வேரைக் கிள்ளிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை இல்லை. இரண்டு மண்புழு, உயிரோடு. பாட்டில் மூடி ஒன்று. பச்சை என்று சொல்ல ஒன்றும் இல்லை. விதை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கறுப்பில் என் கண்ணுக்குத் தெரியாது. பெரியவன் இறங்கி வந்து இரண்டு கையாலும் அள்ளினான். டப்பாவில் அவன்தான் அமுக்கினான். நீ வேண்டாம் என்ற கைதான். என் கையால் டப்பாவைத் தூக்க முடியவில்லை, அதனால் அவன் கை பட்டுவிட்டது. ஈரத்துணி சுற்றியது தையல்காரம்மா.

அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இதை எழுத வேண்டாம் என்று சொன்னேன். தையல்காரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடியுமா?" என்றாள். சரி, எழுது என்றேன்.

தோண்டிய இடத்தை மறுநாளே கல் கொட்டி மூடிவிட்டார்கள். பாறையின் மூக்கும் இப்போது தெரியவில்லை. இந்த டப்பா ஒன்றுதான்.

மாப்பிள்ளை சௌக்கியம் என்று எழுத மாட்டேன். தெரியாது என்று எழுதச் சொல்கிறேன்.

அண்ணன்


அக்டோபர் 13

அண்ணா,

இதை எழுதுவது நர்ஸ். எனக்குக் கை தூக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நீ எத்தனை கஷ்டப்பட்டிருப்பாய் என்று இப்போதுதான் தெரிகிறது. வாயில் வருவதில் பாதியை இன்னொருத்தி காதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மாணவி நாளைக்கு வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போவாள். சேற்றைத் தட்டில் பரப்பி, ஈரம் விடாமல், வெளிச்சத்தில் வைப்பாள். முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம். முளைக்காமலும் போகலாம். அதைத் தெரிந்துகொள்ள நான் இருப்பேனா என்று டாக்டர் நர்ஸைப் பார்த்துக்கூட இப்போது சொல்வதில்லை. முளைத்தாலும் அதை எங்கே கொண்டுபோய் நடுவது என்று மாணவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பெரியவன் நெற்றிக் கீறலில் அந்தச் சேறு பட்டிருந்தால் சீழ் வைக்கும். மூடி வைக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

டப்பாவைத் தலைமாட்டில் வைத்துத் திறக்கச் சொன்னேன். கண்டக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என்னம்மா இது, எறக்கி விடு, எறக்கி விடு" என்று கத்தினாள். நர்ஸ் ஜன்னலைத் திறக்க ஓடினாள். திறக்காதே என்றேன்.

நாற்றம் சரியாக இருக்கிறது, அண்ணா.

தங்கை